முதல் மூன்று புள்ளிகள்

கூட்டம் பதினொரு மணிக்கு. சுவர்க் கடிகாரம் பத்து பத்து என்றது. இன்னும் ஐம்பது நிமிடம் இருக்கிறது, ஐம்பது நிமிடம் எதையும் யோசிக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும் என்று நவமணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், சொல்லிக்கொண்டே மேசை இழுப்பறையைத் திறந்தும் பார்த்துவிட்டாள். உறை இருந்தது. பழுப்பு நிற ஆபீஸ் உறை, வாயில் செலோடேப் ஒட்டி அதன்மேல் மூன்று பேர் குறுக்கே கையெழுத்துப் போட்டது: இபுராகிம் சார், குழலி, நெல்லையப்பன். நெல்லையப்பன் அண்ணாச்சியின் கையெழுத்து மட்டும் டேப்பின் வழவழப்பில் நிற்காமல் வழுக்கி, கடைசி எழுத்தின் வால் உறையின் ஓரம்வரை போயிருந்தது. இழுப்பறையை மூடினாள். உள்ளே இருக்கும் எண்ணைத் தெரிந்துகொள்ள அவள் உறையைக் கிழிக்க வேண்டியதில்லை. ஒன்று புள்ளி பூஜ்யம் ஆறு மூன்று நான்கு. இரண்டு வருடமாக அது அவளுக்குள் கிடக்கிறது. மறந்துவிட எவ்வளவோ பார்த்தாள், ஆனால் மறக்க நினைக்கிற எண்ணை மனசு விடுமா, குளிக்கும்போது வந்தது, தோசை திருப்பும்போது வந்தது, போனில் யாராவது ஓடிபி கேட்டால் முதலில் அதுதான் நாக்கு நுனிக்கு வந்தது. ஒருநாள் வேளச்சேரி சிக்னலில் முன்னால் நின்ற ஆட்டோவின் பின்பக்கம் 0634 என்று இருந்ததைப் பார்த்து, யாரோ தன்னைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போது பயப்படக் காரணம் ஒன்றும் இல்லை. ஆகஸ்டுக்கு முன்னால் நடந்தது அது. ஆகஸ்டுக்கு முன்னால் அவள் ஒரு ரகசியத்தை வைத்திருந்தாள், அவ்வளவுதான். ஆகஸ்டுக்குப் பிறகு இருப்பது வேறு.

சென்னையின் தென்கோடியில் மரங்களுக்கு நடுவே இருந்த அந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்குப் பதினாலு வருடம். இபுராகிம் சாரின் தலைமையில் அவர்கள் நான்கு பேர், அணுக்கருவின் வலிய விசையைக் கணிப்பொறியில் வைத்துக் கணக்கிடுகிறவர்கள். நியூட்ரானுக்குள் மூன்று குவார்க்குகளைப் பிடித்து வைத்திருக்கிறதே, அந்த விசை. அதைத் தாளில் பேனா வைத்துப் போட்டு முடிக்க முடியாது, ஒன்றைத் தொட்டால் எல்லாம் அசையும். அதனால் வெட்டவெளியையே சின்னச் சின்னக் கட்டமாக வெட்டி, காலத்தையும் அப்படியே வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் விசை எப்படி இருக்கலாம் என்று கணிப்பொறியைச் சீட்டுக் குலுக்க விட்டு, ஆயிரக்கணக்கான குலுக்கல்களின் சராசரியைப் பார்ப்பது. அண்ணாச்சி இதைத் தன் மனைவி கோமதிக்குச் சொன்ன விதம் வேறு. "வெட்டவெளின்னா ஒண்ணுமில்லன்னு நெனைக்காத. கொதிக்கிற பால் மாதிரி அது. அது மேல நான் ஒரு கொசுவலையப் போட்டு, ஓட்டைக்கு ஓட்டை எவ்வளவு கொதிக்கின்னு பாக்கேன்." கோமதி மயினி ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. "கொதிக்கிற பால்ல கொசுவலையப் போட்டா வலைதான் வேகும்," என்றாள். அண்ணாச்சி அதை மூன்று மாதம் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். சிரிக்கும்போது அவருக்கு முதலில் தோள் குலுங்கும், சத்தம் பிறகுதான் வரும். அந்தத் தோள்தான் ஆகஸ்டில் ஆஸ்பத்திரிச் சட்டைக்குள் சட்டம் மாட்டிய மாதிரி எலும்பாக நின்றது. வேண்டாம். அதற்குப் போகக் கூடாது. இப்போது பத்து பதினேழு.

டீ கொண்டுவரச் சொல்லலாமா. டீ வந்தால் அதோடு யாராவது வருவார்கள், வந்தால் "என்ன மேடம், இன்னைக்குப் பெரிய நாள்" என்பார்கள். பெரிய நாள்தான். எட்டு வருடக் கணக்கு இன்று திறக்கப்படுகிறது. அணுக்கருவுக்கு வெளியே தனியாக விடப்பட்ட நியூட்ரான் ஏறத்தாழ கால் மணி நேரத்தில் சிதைந்துபோகிறது. ஏன் அவ்வளவு நேரம் என்பதற்குள் ஒரு எண் ஒளிந்திருக்கிறது. சோதனைச் சாலைகளில் அதை அளந்துவிட்டார்கள், ஒன்று புள்ளி இரண்டு ஏழு சொச்சம். கணக்கிட்டாலும் அதுவே வந்தால் நமக்குத் தெரிந்த இயற்பியல் சரி. வராவிட்டால், அந்த இடைவெளியில் இதுவரை யாரும் பார்க்காத ஒன்று இருக்கிறது. இடைவெளி இருக்கும் என்று அண்ணாச்சி பத்தொன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாநாடுகளில் சொன்னார், சண்டை போட்டார், ஒருமுறை ஒரு ஜெர்மன்காரரிடம் "எழுதி வச்சுக்கோ" என்று தமிழிலேயே சொன்னார். விடை இப்படித்தான் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் கையில் கணக்கைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். பிடித்த விடை வந்ததும் தப்புத் தேடுவதை நிறுத்திவிடுவான், பிடிக்காத விடை வந்தால் விடிய விடியத் தேடுவான். அதனால்தான் கண்ணைக் கட்டிக்கொள்வது. நவமணி கணிப்பொறியை ஓட்டித் தரவை எடுப்பாள், தனக்கு மட்டும் தெரிந்த ஒரு எண்ணால் எல்லாவற்றையும் பெருக்கிக் குழலியிடம் கொடுப்பாள். குழலியும் அண்ணாச்சியும் அதிலிருந்து விடையை எடுப்பார்கள், ஆனால் எடுத்தது உண்மையான விடையா, எவ்வளவு விலகியது என்று அவர்களுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் சரிபார்த்து, இனிமேல் கை வைக்க மாட்டோம் என்று பூட்டிய பிறகு ஒருநாள் உறையைத் திறந்து வகுத்துப் பார்ப்பது. நவமணி அவர்களுடைய விடையைப் பார்க்கக் கூடாது, அவர்கள் நவமணியின் எண்ணைப் பார்க்கக் கூடாது. இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்ததே அண்ணாச்சிதான். "என்னைய நம்பாதீங்க," என்றார், "எனக்கு ஆசை ஜாஸ்தி. எண்ணு நவமணிகிட்ட இருக்கட்டும். அவ நாசரேத்துக்காரி, வாயத் தொறக்க மாட்டா." திறந்தாளே. வாயைத் திறந்தாளே.

ஆகஸ்ட் ஒன்பது, சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி இருக்கும். மருத்துவமனையின் நாலாவது மாடி, ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி, அதன் மேல் காக்கைகள். கோமதி மயினி மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தாள். அண்ணாச்சியின் மடியில் லேப்டாப் இருந்தது. கூடாது என்று நர்ஸ் சொல்லிச் சொல்லி விட்டுவிட்டாள். வீட்டு விஷயம் இரண்டு கேட்டார், உன் மகன் பத்தாவதா என்று கேட்டார், கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல், "நவமணி, எனக்கு மட்டும் சொல்லேன்," என்றார். எதை என்று அவளும் கேட்கவில்லை. "வேண்டாம் அண்ணாச்சி." "நான் யார்ட்டப் போய்ச் சொல்லப் போறேன். டிசம்பர்ல தொறப்பீங்க. டிசம்பருக்கு நான் எங்க." அப்படிப் பேசாதீங்க என்று அவள் சொல்லியிருக்கலாம், எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், அது பொய்யென்று இரண்டு பேருக்கும் தெரிந்ததால் அதுவும் வாயில் வரவில்லை. கேட்டவரின் முகத்தில் கெஞ்சல் இருந்திருந்தால் மறுத்திருப்பாளோ என்னவோ. கெஞ்சல் இல்லை. பந்திக்கு வந்தவன் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு சாதாரணம்தான் இருந்தது. சொன்னாள். ஐந்து இலக்கம். சொல்ல மூன்று விநாடி ஆனதா, நான்கா. அவர் கண்ணை மூடினார். உதடு அசைந்தது. வகுக்கிறார் என்று தெரிந்தது. சந்தோஷப்படுவார், தோள் குலுங்கும் என்று காத்திருந்தாள். குலுங்கவில்லை. வருத்தமும் தெரியவில்லை. கண்ணைத் திறந்து, "மோர் இருக்கா பாரு," என்றார்.

ஏன் சொன்னாய் நவமணி. இரக்கமா. இரக்கம் என்று சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இரக்கத்துக்கு அடியில் இன்னொன்றும் கிடந்தது, கொஞ்சம் பெருமை. சாகப்போகிற மனிதருக்கு டாக்டரால் கொடுக்க முடியாததை, மயினியால் கொடுக்க முடியாததை, தன்னால் கொடுக்க முடியும் என்கிற பெருமை. அதோடு போயிருந்தாலும் தேவலை. மறந்திருப்பாள், அல்லது மறக்காமலே வாழ்ந்திருப்பாள், எத்தனை பேர் எத்தனையோடு வாழ்கிறார்கள். ஆனால் ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி, திங்கட்கிழமை சாயங்காலம் மெயில் வந்தது. அண்ணாச்சியிடமிருந்து மற்ற மூன்று பேருக்கும். நாலே வரி. முதல் மூன்று புள்ளிகளை விட்டுவிடுங்கள். அவற்றில் இன்னும் கரகரப்பு இருக்கிறது. அடக்கிவிட்டோம் என்று நான் நினைத்தது தப்பு. முன்பே சொல்லியிருக்க வேண்டும், மன்னியுங்கள்.

கரகரப்பு என்பது வெறும் பேச்சு அல்ல, அது இந்தத் தொழிலின் உயிர்நிலை. மணியை அடித்ததும் முதலில் வருவது மணியின் சுரம் இல்லை. உலோகம் உலோகத்தில் மோதுகிற கரகரப்பு, நாலைந்து குரல் சேர்ந்து கத்துகிற மாதிரி. அது அடங்கிய பிறகுதான் சுத்தமான ஒரு குரல் நிற்கும். ஆனால் அதற்குள் சத்தம் தேய்ந்து, தெருவின் இரைச்சல் அதை விழுங்கிவிடும். கணிப்பொறிக்குள் நியூட்ரானும் அப்படித்தான். வெட்டிய காலத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு புள்ளி. ஆரம்பப் புள்ளிகளில் வேறு ஏதேதோ கலந்திருக்கிறது, கடைசிப் புள்ளிகளை இரைச்சல் தின்றுவிடுகிறது, நடுவில் ஒரு சின்ன ஜன்னல். எந்தப் புள்ளியிலிருந்து கேட்கத் தொடங்குவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு புள்ளி முன்னே பின்னே போனால் விடை நகரும். ஜூலையில் அதை முடிவு செய்து பூட்டியாகிவிட்டது, அண்ணாச்சியும் சேர்ந்துதான் முடிவு செய்தார். எண் தெரிந்த இரண்டாவது நாள், பூட்டைத் திறங்கள் என்கிறார். இபுராகிம் சார் மெயிலைப் படித்துவிட்டு, "நெல்லையப்பன் சொன்னா காரணம் இருக்கும்," என்றார். குழலி அன்றே ஆரம்பித்தாள். எட்டு வாரம் எல்லாவற்றையும் மறுபடி செய்தாள், கரகரப்பு இருப்பது உண்மை, முன்பு கவனிக்காமல் விட்டிருக்கிறோம் என்றாள். விடை நகர்ந்தது என்று மட்டும் நவமணிக்குத் தெரியும். எந்தப் பக்கம் நகர்ந்தது என்று தெரியாது. தெரிந்துகொள்ளவும் கூடாது. அண்ணாச்சி ஆகஸ்ட் முப்பதாம் தேதி போய்விட்டார். சுடுகாட்டில் நிற்கும்போதுகூட, எல்லோரும் அழுகிறபோது, அவள் அழுதுகொண்டே யோசித்தாள்: இடைவெளியை உண்டாக்கத்தான் அந்த மெயிலை அனுப்பினீர்களா அண்ணாச்சி. வகுத்துப் பார்த்தீர்கள், எதிர்பார்த்த இடைவெளி இல்லை, அதனால் மூன்று புள்ளியை எடுக்கச் சொன்னீர்கள். அப்படித்தானே. அப்படி இருக்காது. இருக்காது என்று எனக்கு எப்படித் தெரியும். பத்தொன்பது வருடம் ஆசைப்பட்டவர். டிசம்பருக்கு எங்க என்று கேட்டவர். இந்த இடத்தில் வந்து மனசு முட்டிக்கொண்டு நிற்கும், மீன்முள் தொண்டையில் மாட்டிய மாதிரி. சோற்றை உருட்டி விழுங்கிப் பார்த்தாயிற்று, தண்ணீர் குடித்துப் பார்த்தாயிற்று. நாலு மாதம்.

பத்து முப்பத்திரண்டு. அறையில் உட்கார முடியவில்லை. படியிறங்கிக் கணிப்பொறிக் கூடத்துக்குப் போனாள். கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் குளிர் முகத்தில் அடித்தது, வரிசை வரிசையாகக் கருப்பு அலமாரிகள், ஆயிரம் மின்விசிறிகளின் ஒரே இரைச்சல். இங்கே வந்தால் யாருக்கும் எதையும் சொல்ல முடியாது, சொன்னாலும் கேட்காது. எதையும் சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன. யாருக்குத் தெரியும். கேட்டவர் இல்லை, சொன்னவள் வாய் மூடிக்கொண்டால் அது நடக்கவே இல்லை. உறையைக் கிழிப்போம், குழலி வகுப்பாள், கைதட்டுவோம், கட்டுரை ஜனவரியில் போகும். அந்தக் கட்டுரையை நம்பித்தான் குழலிக்கு வெளிநாட்டில் ஒரு வேலை காத்திருக்கிறது, அவளுடைய கைக்குழந்தைக்குப் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தாயிற்று. சொன்னால் அத்தனையும் நிற்கும். அதோடு அண்ணாச்சியின் பெயர். செத்தவர் வந்து இல்லை என்று சொல்லப் போவதில்லை. கடைசி நாளில் திருட்டு வேலை பார்த்தார் என்று நாலு நாட்டில் நாலு பேர் காபி குடித்துக்கொண்டு பேசுவார்கள். நான் வாயை மூடினால் அவர் பெயர் காப்பாற்றப்படும். ஆனால் கணக்கு. கணக்கு தப்பாக இருந்தால், யாரோ ஒருத்தர் எங்கோ உட்கார்ந்து இந்த எண்ணை நம்பிப் பத்து வருடம் தேடுவார், இல்லாத இடைவெளிக்குள். அது தப்பு என்று அவளுக்குத் தெரியும். தெரிவதும் செய்வதும் ஒன்றாக இருந்தால் ஆகஸ்ட் ஒன்பதே நடந்திருக்காது. ஒரு அலமாரியின்மேல் கையை வைத்தாள். பின்பக்கம் வெந்நீர்ப் பானை மாதிரி சுட்டது. வேறு யாருடைய கணக்கோ உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் குழலி எதிரே வந்தாள். கையில் ஒரு அட்டைப்பெட்டி, மாம்பழ மஞ்சளில் புதுச் சேலை, தலையில் பூ. இந்த நிலையத்தில் அவளைச் சேலையில் நவமணி பார்த்ததில்லை.

"மேடம், உங்களைத்தான் தேடுறேன். உறையை எடுத்துக்கிட்டீங்களா?"

"எடுக்கணும்."

"பால்கோவா. ஸ்ரீவில்லிபுத்தூர்லயிருந்து அம்மா கொடுத்தனுப்பினாங்க. திறந்தப்புறம்தான் சாப்பிடணும், இபுராகிம் சார் இப்பவே கைய நீட்டுறாரு." சிரித்தவள் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு நேத்து ராத்திரி முழுக்கத் தூக்கமே இல்ல மேடம். சார் இருந்திருக்கணும். அந்த மெயில் மட்டும் வரலைன்னா நாம தப்பான விடையைப் போட்டிருப்போம். அந்த நிலைமையிலயும் யோசிச்சு அனுப்பியிருக்காருல்ல."

நவமணி அவள் தலையில் இருந்த பூவைப் பார்த்தாள். கனகாம்பரம், நடுவில் ஒன்று வாடியிருந்தது. "ஆமா," என்றாள். அந்த ஒரு சொல்லோடு ஏதோ முடிவாகிவிட்டது. எப்படி என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. இந்தப் பெண்ணிடம் ஆமா என்று சொன்ன வாயால் பதினொரு மணிக்கு உறையைப் படிக்க முடியாது, அவ்வளவுதான்.

கருத்தரங்கு அறையில் இருபது பேருக்கு நாற்காலி உண்டு. மூன்று பேர் உட்கார்ந்தார்கள். இபுராகிம் சார் முன்வரிசையில், கீழக்கரைக்காரருக்கே உரிய வெள்ளைச் சட்டையில், கைகளைக் கட்டிக்கொண்டு. குழலி லேப்டாப்போடு மேசையில். திரையில் ஒரு படம், சோதனைச் சாலையின் அளவு ஒரு சிவப்புக் கோடாக, அவர்களுடைய புள்ளிக்கு இடம் காலியாக. "சரி நவமணி," என்றார் இபுராகிம் சார், "கிழிங்க."

உறை அவள் கையில் இருந்தது. "சார், அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். இந்த எண் எனக்கு மட்டும் தெரிஞ்சது இல்ல. நெல்லையப்பன் அண்ணாச்சிக்கும் தெரியும். நான்தான் சொன்னேன்."

"எப்ப?" என்றார் இபுராகிம் சார்.

"ஆகஸ்ட் ஒன்பது. ஆஸ்பத்திரியில."

அவருக்குக் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. "மெயில் பதினொண்ணு," என்றார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார். குழலி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் சுருங்கியது.

"அப்ப நான் எட்டு வாரம் செஞ்சது என்ன மேடம்? அவர் விடையைப் பாத்துட்டுச் சொன்னதையா நான் சரிபாத்தேன்? நாலு மாசமா உங்களுக்குத் தெரியும். தினம் என்கூடதான் சாப்பிட்டீங்க."

"ஆமா குழலி."

"எதுக்கெடுத்தாலும் ஆமாங்கிறீங்க."

திட்டினால் நன்றாக இருக்கும் என்று நவமணிக்குத் தோன்றியது. இபுராகிம் சார் திட்டவில்லை. அவருக்கு அறுபது வயது, நெல்லையப்பனோடு இருபத்தாறு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவர், அந்தச் சனிக்கிழமை அவரும் மருத்துவமனைக்குப் போயிருந்தார், காலையில். "என்கிட்டயும் கேட்டான்," என்றார் மெதுவாக. "நவமணிகிட்ட கேட்டு வாங்கித் தான்னு கேட்டான். நான் முடியாதுன்னுட்டேன். முடியாதுன்னு சொல்லிட்டு வந்து கார்ல உக்காந்திருந்தேன், வண்டிய எடுக்க முடியல." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குரல் மாறியது. "ஜூலையில பூட்டினது அப்படியே இருக்குல்ல குழலி? யாரும் தொடல?"

"இருக்கு சார். தேதியோட."

"அது யாருக்கும் எண் தெரியாதப்ப செஞ்சது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க. ரெண்டையும் திறப்போம். என்ன வந்தாலும் நடந்ததை நடந்தபடி கட்டுரையில எழுதுவோம். படிங்க நவமணி."

உறையைக் கிழித்தாள். அண்ணாச்சியின் கையெழுத்து இரண்டாகப் போனது. தாளைப் பார்க்காமலே சொல்லியிருக்கலாம், ஆனாலும் பார்த்துப் படித்தாள், ஒவ்வொரு இலக்கமாக. குழலி தட்டினாள். ஜூலையில் அவர்கள் எடுத்த விடை ஒன்று புள்ளி இரண்டு ஒன்பது ஏழு. வகுத்ததும் ஒன்று புள்ளி இரண்டு இரண்டு. திரையில் நீலப் புள்ளி சிவப்புக் கோட்டுக்குக் கீழே, வெகு கீழே, தனியாக விழுந்தது. விடை எவ்வளவு தப்பியிருக்கலாம் என்று காட்டும் பிழைக்கோடு குட்டையாக இருந்தது. இடைவெளி. பத்தொன்பது வருடம் அவர் சொல்லிக்கொண்டிருந்த அதே இடைவெளி, அவர் சொன்ன அதே பக்கத்தில். அப்படியென்றால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடி வகுத்தபோது அவர் பார்த்தது இது. ஜெயித்ததை. ஜெயித்த மனிதர்தான் மோர் கேட்டார்.

"அடுத்தது," என்றார் இபுராகிம் சார்.

முதல் மூன்று புள்ளிகளை விட்டுவிட்டு எடுத்த விடை. ஒன்று புள்ளி மூன்று நான்கு நான்கு, வகுத்தால் ஒன்று புள்ளி இரண்டு ஆறு நான்கு. பச்சைப் புள்ளி சிவப்புக் கோட்டை ஒட்டி உட்கார்ந்தது, தடித்த பிழைக்கோட்டோடு, சுவாரசியமே இல்லாமல். இடைவெளி இல்லை. புதிது ஒன்றும் இல்லை. நமக்குத் தெரிந்த இயற்பியல் சரி.

குழலிதான் முதலில் பேசினாள், யாரையும் பார்க்காமல், திரையிடம். "சாருக்கு லேப்டாப்புல தரவு இருந்தது. மூணு புள்ளியை எடுத்தா எங்க போகும்னு அவர் பாத்திருப்பாரு. பாக்காம எழுத மாட்டாரு."

"பாத்திருப்பான்," என்றார் இபுராகிம் சார். "சும்மா இருந்திருந்தா போதும் அவனுக்கு. நாம இன்னைக்கு நீலப் புள்ளியை வச்சுக்கிட்டு ஆடிக்கிட்டு இருப்போம்." பிறகு தலையை ஆட்டினார். "ஆனா இந்தச் சாட்சி நம்ம மூணு பேருக்குத்தான் போதும். வெளியில இருக்கிறவன் வேற மாதிரியும் சொல்லலாம்: அளந்து வச்ச எண்ணுக்குப் பக்கத்துல இழுத்துட்டான்னு. புது எண்ணு போடுவோம். நவமணி வேண்டாம், வேற யாராவது போடட்டும். அவனைத் தெரியாத ஒருத்தர் முதல்லயிருந்து செய்யட்டும். அஞ்சாறு மாசம் ஆகும். குழலி, உங்க வேலைக்கு நானே அவங்களுக்கு எழுதுறேன். கொடுப்பாங்களான்னு என்னால சொல்ல முடியாது."

"தெரியும் சார்," என்றாள் குழலி. லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டாள். நவமணியைத் தாண்டி, நிற்காமல் வெளியே போனாள். பால்கோவாப் பெட்டி நூல்கூட அவிழ்க்காமல் மேசையில் இருந்தது.

நவமணி வெளியே வந்து மரத்தடியில் நின்றாள். மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது, மண் இன்னும் மெத்தென்று இருந்தது. நாலு மாதம் அவரைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். சுடுகாட்டிலும் சந்தேகப்பட்டாள், பதினாறாம் நாள் சாப்பாட்டிலும், மயினியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோதும். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தாள், இல்லை. கெட்டவர் என்று நினைத்தபோது அவர்மேல் கொஞ்சம் கோபம் இருந்தது, அந்தக் கோபத்தில் சாய்ந்து நிற்க முடிந்தது. இப்போது அதுவும் போய், அவர் இல்லை என்பது மட்டும் மொட்டையாக நின்றது. போனை எடுத்தாள். நாலாவது மணியில் கோமதி மயினி எடுத்தாள். பின்னால் பெண்பிள்ளைகளின் கூச்சல்.

"சொல்லு நவமணி. பீரியடு நடக்கு."

"மயினி, இன்னைக்கு அந்தக் கணக்கைத் தொறந்தோம்."

கூச்சல் கொஞ்சம் தள்ளிப் போனது. மயினி மைதானத்தின் ஓரத்துக்கு வந்துவிட்டாள் போல. "என்ன வந்துச்சி?"

"அண்ணாச்சி சொல்லிட்டிருந்த மாதிரி வரல மயினி. இடைவெளி இல்ல."

"அப்ப அவிய தோத்துட்டாவளா?" விளையாட்டு ஆசிரியை, அவளுக்கு வேறு எப்படிக் கேட்கத் தெரியும்.

"ஆமா மயினி. ஆனா அவியளுக்கு முன்னாலயே தெரியும். ஆஸ்பத்திரியில வச்சி நான் எண்ணைச் சொல்லிட்டேன். சொல்லிருக்கக் கூடாது, சொல்லிட்டேன். அப்ப இருந்த கணக்குல அவியதான் ஜெயிச்சிருந்தாவ. அதுல ஒரு தப்பு இருக்குன்னு அவியளே கண்டுபிடிச்சி, அதைத் திருத்தச் சொல்லி மெயில் போட்டாவ. திருத்தினா தோத்துருவோம்னு தெரிஞ்சேதான் போட்டாவ."

கட்டாகிவிட்டதோ என்று நவமணி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். விநாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"அந்தத் திங்கக்கிழமையா?" என்றாள் மயினி.

"ஆமா. சாயங்காலம் வந்துச்சி. நாலு வரி."

"நாலு வரியா. காலையில எட்டு மணிக்கு அந்தப் பொட்டிய மடியில வச்சாவ. சாயங்காலம் வரைக்கும் எறக்கல. ஒரு எழுத்து அடிப்பாவ, அழிப்பாவ, ஜன்னலப் பாப்பாவ. நர்ஸக் கூப்பிட்டு ஊசி போடச் சொன்னேன். வேண்டாங்காவ." மயினியின் குரல் உடையவில்லை, ஆனால் நிதானமாகிவிட்டது. "நான் வலின்னு நெனச்சேன், நவமணி."

பிறகு யாரோ ஒரு பிள்ளை மிஸ் மிஸ் என்று கூப்பிட்டது. வாரேன் என்று மயினி அதனிடம் சொன்னாள். ஆனால் போகவில்லை, போனையும் வைக்கவில்லை. நவமணியும் வைக்கவில்லை. இருவரும் அப்படியே நின்றார்கள்.